மனைக்கு அடியில் இருக்கும் வயல்

சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்தில் வீட்டுமனைப் பலகைகள் விற்பது நிலத்தையல்ல, நேரத்தை. ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிடம், ஜி.எஸ்.டி. சாலைக்கு மூன்று நிமிடம், மகிந்திரா சிட்டிக்குப் பத்து, ஒரகடத்துக்கு இருபது. சர்வே எண் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் நிலைமை தலைகீழ். அங்கே நிமிடம் என்று ஒன்று கிடையாது. சர்வே எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பாசனம் எந்த ஏரியிலிருந்து, பட்டா யார் பேரில், இவ்வளவுதான். வீடு வாங்குகிறவர் பலகையைப் படித்து முடிவெடுக்கிறார். பின்னால் வருகிற வழக்கும், வாசலில் ஏறுகிற தண்ணீரும், மாறாத பட்டாவும் கணக்கிலிருந்து வருகின்றன. வேளாண் சிற்றூர் ஒன்று நகரமாகும்போது வீடு வாங்குவது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது என்பதற்கு, இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவில் இருக்கிற தூரமே காரணம் என்பது என் கட்சி.

சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ., செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஊர். குன்றைக் குடைந்து அமைத்த பாடலாத்ரி நரசிம்மர் கோயில்தான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. மூலவர் குன்றோடு குன்றாக இருப்பதால், அவரை வலம் வர வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். கோயிலுக்கு வருகிற கூட்டம் ஊரை வளர்க்கவில்லை, தொழிற்சாலைகள் வளர்த்தன. வடக்கே 1980 வாக்கில் மறைமலை நகர் திட்டமிட்ட நகரமாக எழுந்தது. 1990களின் பிற்பாதியில் அங்கே ஃபோர்டு கார்த் தொழிற்சாலை வந்தது. தெற்கே பரனூர், அஞ்சூர் பக்கம் 2002-ல் மகிந்திரா வேர்ல்டு சிட்டி தொடங்கியது. 2007-ல் பி.எம்.டபிள்யூ. அதற்குள் கார் பூட்ட ஆரம்பித்தது. மேற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை அதுவரை மாட்டு வண்டியும் டவுன் பஸ்ஸும் ஓடிய சாலை. பத்தே ஆண்டில் அது கன்டெய்னர் லாரிகளின் சாலையானது. அந்தச் சாலையின் ரயில்வே கேட் மூடினால் திறக்கும்வரை ஊரே நின்றது.

2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அது ஏறத்தாழ 38.7 சதவீதம், மாநிலத்திலேயே அதிகம். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கி.மீ. என்பதிலிருந்து 5,904 சதுர கி.மீ. என்று அரசாணை வழியாக விரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் எங்கேயாவது தங்க வேண்டுமே. தங்க இடம் கொடுத்தது வயல்தான். வேளாண் சிற்றூர் வளர்கிறது என்று பத்திரிகைகளில் எழுதுகிறோம். இங்கே வளர்ந்தது வேளாண்மை அல்ல. வேளாண்மை காலி செய்துகொடுத்த இடம்.

அந்த வயல் எப்படிப்பட்டது என்பது தெரிந்தால்தான் மனை புரியும். செங்கல்பட்டு ஏரி மாவட்டம். பாலாற்றைத் தவிர்த்தால் சொல்லிக்கொள்ளும்படியான ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரை போட்டுத் தேக்கி, மதகு வழியாகக் கீழே இறக்கித்தான் நெல் விளைந்தது. ஒவ்வோர் ஊருக்கும் ஏரி. ஏரிக்கு மேற்புறம் நீர்ப்பிடிப்பு, கீழ்ப்புறம் ஆயக்கட்டு. நிரம்பினால் வழிய கலிங்கு. கலிங்குத் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போக ஓடை. 1763-ல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்த சீமை இது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, நிலம், ஏரி, குடி, மானியம் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் இவ்வளவு நுணுக்கமாக அளந்த முதல் சீமைகளில் இது ஒன்று. ஆக, இந்த மண்ணுக்கு ஏட்டுப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. ஏடு நிறைய இருப்பதே இதன் சிக்கல்.

தொண்டை மண்டலத்தில் நில உரிமை ஒருவர், ஒரு துண்டு என்று இருக்கவில்லை. காணியாட்சி என்று ஊரே பங்குகளாகச் சிலரிடம் இருந்தது. கம்பெனிக் காலத்தில் அதற்கு மிராசு என்று பெயர். திருக்குறளுக்கு ஆங்கில உரை எழுதிய அதே எல்லிஸ் மிராசு உரிமை பற்றி 17 கேள்விகளுக்கு விடையாக எழுதிய நூல் 1818-ல் அச்சானது. மிராசுதார்களின் பிடி வயலோடு நிற்கவில்லை. தரிசும், சேரியில் குடிசை நின்ற இடமும்கூட அவர்கள் கைக்குள் இருந்தன. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், இம்மாவட்டப் பறையர்களின் நிலையை விவரித்தார். உழைப்பவனை ஊரில் கட்டிவைக்கும் கயிறாகக் குடியிருக்கும் மனையே இருந்ததை அவர் பார்த்தார். எதிர்த்துப் பேசினால் மண்வெட்டியோடு மனையும் போகும். அந்த அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010-ஏ எண்ணுள்ள வருவாய்த் துறை ஆணைகள் பிறந்தன. பிறகு சென்னை மாகாணம் முழுக்க ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

வீடு வாங்குகிற கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். நிபந்தனைதான் காரணம். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கடன் கொடுத்தவரும், சாராயம் ஊற்றிக் கைநாட்டு வாங்கியவரும், பக்கத்து வயல்காரரும் அந்த நிலத்தை எழுதிக்கொண்டது மாகாணம் முழுக்க நடந்தது. இன்று அந்த நிலத்தில் மனை போட்டால், நூறாண்டுக்கு முந்தைய நிபந்தனை மனையோடு சேர்ந்தே வருகிறது. பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை சாவதில்லை. இந்த மாவட்டத்துக்கு இது ஏட்டு விவகாரமும் அல்ல. மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பண்ணை வீடுகள் பெருகத் தொடங்கிய காலம் அது.

நிலத்தின் பழைய தன்மை ஏட்டில் எழுதியிருக்குமே, பார்த்துக்கொண்டால் போகிறது என்று தோன்றும். எல்லா ஏட்டிலும் எழுதியிருக்காது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் ஒரு பத்தாண்டு காரணம். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள். மக்கள் வாயில் அது யு.டி.ஆர். பெயரைச் சரிபார்த்து, ஏக்கர், சென்ட் கணக்கை ஹெக்டேர், ஏர் என்று மாற்றி, புதிய ‘அ’ பதிவேடு எழுதினார்கள். இன்று இணையத்தில் தட்டினால் வருகிற பட்டாவின் வேர் அந்தப் பதிவேடுதான். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1980 நவம்பர் 14 அன்று, எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவியை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. கர்ணமும் மணியமும் போனார்கள். தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரைக் கர்ணத்தின் சாதி ஆதிக்கத்துக்கும் கைச்சரக்குக்கும் வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை. அந்தப் பதவி ஒழிந்தது நல்லதே. ஆனால் எந்த வயல் யாருடைய பாட்டன் வயல், எந்தத் துண்டு சேரிக்காரருக்குச் சர்க்கார் கொடுத்தது என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆட்கள் அலுவலகத்தைவிட்டு வெளியேறிய நேரமும், பதிவேடு முழுசாகத் திருப்பி எழுதப்பட்ட நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அண்ணன் தம்பி நால்வரில் மூத்தவர் பெயர் மட்டும் பட்டாவில் ஏறியது. வாய்க்காலை ஒட்டிய உட்பிரிவு பக்கத்து எண்ணோடு கலந்தது. ‘நிபந்தனை ஒப்படை’ என்ற குறிப்பு பல ஊர்களில் விடுபட்டது என்று தலித் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. யு.டி.ஆர். பிழை என்பது இன்றும் தாலுகா அலுவலகத்தில் தினசரி காதில் விழும் சொல்.

எனவே பட்டாவைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று சொல்வது பாதிப் பேச்சு. பட்டா வரி கட்டுகிறவரின் அடையாளம். உரிமை மூலம் அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பதிவுத் துறையும் உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிகிறது, அவ்வளவே. விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று துருவுவது வாங்குகிறவர் பாடு. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும். பதியாத உயில், வாய்மொழிப் பாகம், குத்தகை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் தெரியாமல் போகலாம். இணையத்தில் பல சார்பதிவகங்களுக்கு 1975-லிருந்துதான் கிடைக்கும்; அதற்கு முந்தியதைக் கைப்பட எழுதிய புத்தகத்தில் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். வங்கி வழக்கறிஞர் 30 ஆண்டு பார்ப்பார். மற்ற ஊரில் அது போதலாம். இங்கே 1987-க்கு முந்தைய பழைய ‘அ’ பதிவேட்டின் நகலை வாங்கிப் புதியதோடு ஒப்பிடாமல் கிரயம் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவது.

இந்தச் சிக்கல்கள் எப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்று பார்க்க, ஒரு கற்பனை ஏக்கரை எடுத்துக்கொள்வோம். கொண்டமங்கலம் போகிற வழியில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஏரிப் பாசன நஞ்சை. 1960களில் ஒரு பெரியவர் வாங்கினார். இரண்டு ஆண், மூன்று பெண். யு.டி.ஆரில் மூத்த மகன் பெயர் ஏறிற்று. பெரியவர் உயில் எழுதாமல் காலமானார். பெண்களுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, பங்கு தீர்ந்தது என்று குடும்பம் நினைத்தது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. தகப்பன் தானே சம்பாதித்து வாங்கிய சொத்தில் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமே மகள்களுக்குச் சமபங்கு கொடுத்திருந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால், தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்தத் திருமண வேறுபாட்டை எடுத்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், தகப்பன் 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி வாதத்தை முடித்தது. ஆக எப்படிப் பார்த்தாலும் மூன்று மகள்களின் கையெழுத்து வேண்டும். அவர்கள் கையெழுத்துப் போடாமலேயே மூத்தவர் 2005-ல், நிலவிலை கொதித்த காலத்தில், ஒரு மனைத் தரகருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். தரகர் அந்த பவரை வைத்து மனைமனையாக விற்றார். சிலருக்குக் கிரயப் பத்திரம். சிலருக்கு மேலும் ஒரு பவர், ஓர் அக்ரிமெண்ட், கையில் ரசீது. பவரும் அக்ரிமெண்டும் சேர்ந்தால் கிரயமாகிவிடாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. அதற்குள் சிலர் வீடு கட்டிக் குடியேறியிருப்பார்கள். பவர் எழுதியவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக அவரோடு போய்விடும் என்பதும் பலருக்குத் தெரியாது. இத்தனைக்கும் நடுவே பட்டா இன்னும் மூத்தவர் பெயரிலேயே, ஒரே உட்பிரிவாக, நஞ்சை என்ற தலைப்பில் கிடக்கிறது. கற்பனைதான். ஆனால் சார்பதிவகத்துக்கு வெளியே பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டால், இது சுலபமான வழக்கு என்பார்.

அந்தக் கற்பனை மனைப்பிரிவுக்கு அனுமதி இருந்ததா? 2016 வரை அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை வைத்த வரைபடத்தை ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்றார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தர நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும்தான் அதிகாரம் என்பது நுணுக்கமாகப் பட்டது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர் வழக்கறிஞர் ‘யானை’ ராஜேந்திரன். விளைநிலம் மனையாவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் கேட்டது. தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவே சில மாதங்கள் படுத்துவிட்டது. அதே தடையைச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. அதே ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை விதிகளும் வந்து, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு பதிவெண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்றாயிற்று.

நல்ல மாற்றம்தான். ஆனால் அனுமதி என்ற சொல்லின் மேல் மக்கள் வைக்கிற பாரம் அதன் தோள் தாங்குவதைவிட அதிகம். நகர் ஊரமைப்பு அலுவலகம் சாலை அகலம், மனை அளவு, பூங்கா, நிலப் பயன்பாடு இவற்றைப் பார்க்கிறது. மூன்று மகள்கள் கையெழுத்துப் போட்டார்களா என்று தோண்டித் துருவுவது அதன் வேலையல்ல. வரன்முறைப்படுத்திய ஆணையும் அப்படியே. அது மனையின் குறையைத் தீர்க்கும், உரிமையின் குறையைத் தீர்க்காது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், ஆனால் வரைபட அனுமதி கையில் இருப்பதால் நிலம் சுத்தம் என்று அர்த்தமில்லை.

சாலையும் பூங்காவும் தனிக் கதை. சாலை நீங்கலாக 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான மதிப்பைக் கட்ட வேண்டும்; 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் இடமாகவே விட வேண்டும். ஒரே உரிமையாளரின் நிலம் மூன்று பெயர்ப் பலகைகளோடு முக்கால் முக்கால் ஏக்கராக விற்பனைக்கு வந்தால், அந்த 3,000 நினைவுக்கு வரட்டும். விட்ட இடத்தைத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பழைய மனைப்பிரிவுகளில் வரைபடத்தில் பூங்கா என்று போட்டுவிட்டுத் தானப் பத்திரம் எழுதாமல் விட்ட இடங்கள், பதினைந்து ஆண்டு கழித்து ‘கார்னர் பிளாட்’ ஆக விலைக்கு வரும். குடியிருப்போர் சங்கம் அப்போது விழித்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் கறாரானது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரை தண்ணீர் நின்றபோது, பலருக்குத் தாங்கள் வாங்கியது எந்த ஏரியின் போக்கில் என்பது முதல்முறையாகத் தெரிந்தது. சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரமும் அதே அமைப்புத்தான். ஏரிகள் படிப்படியாக ஒன்றின் கீழ் ஒன்று. ஆயக்கட்டு நஞ்சையில் மனை போடுகிறவர் முதலில் லாரி லாரியாக மண் அடித்து மேடாக்குவார். அந்த மேட்டிலிருந்து விரட்டப்பட்ட தண்ணீர், மண் அடிக்கப் பணமில்லாத பக்கத்து வயலுக்கும், அதைவிடப் பள்ளமான பழைய குடியிருப்புக்கும் போகும். வயலுக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால் புலப்படத்தில் இரண்டு கோடுகளாக இருக்கும். தரையில் அது மனைப்பிரிவின் 30 அடிச் சாலையாகவோ, ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டாகவோ இருக்கும். ஏரி எந்தத் துறையுடையது என்பதும் முக்கியம்: ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். சின்ன ஏரிகளுக்குத்தான் நாதியில்லை. ஆயக்கட்டில் நெல் நின்றுபோனால் மதகைத் திறக்க ஆள் இல்லை, வாய்க்காலைத் தூர்வார ஆள் இல்லை; கலிங்கு மட்டும் தன் வேலையை மறப்பதில்லை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும், நீர்நிலை தொடர்பான தீர்ப்புகளும் புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு ஆண்டுக்கணக்கு தயவு காட்டுவதில்லை. வரி ரசீதும் மின் இணைப்பும் இருப்பதைக் காட்டி நின்றவர்கள் நிறையப் பேர் இடிப்பைப் பார்த்திருக்கிறார்கள். வரன்முறைத் திட்டமும் நீர்நிலையில் உள்ள மனையைத் தொடாது.

விலைக்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலம் விற்கிற விவசாயி ஏக்கரிலோ சென்ட்டிலோ பேசுவார். இடையில் நிற்பவர் கிரவுண்டில் கணக்குப் போடுவார். வாங்குகிறவர் சதுர அடியில் கேட்பார். பட்டா மட்டும் ஹெக்டேர், ஏர் என்று சொல்லிக்கொண்டு தனியாக நிற்கும். சென்ட் 435.6 சதுர அடி, கிரவுண்டு 2,400, ஏர் 1,076. 1,200 சதுர அடி மனை பட்டாவில் சுமார் 1.11 ஏராக வரும். அதைப் பார்த்து நிலம் குறைந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. இந்த அளவு மாற்றத்துக்குள்தான் லாபம் இருக்கிறது. கணக்குக்காக, சென்ட் ஒரு லட்சம் என்று விவசாயி விற்றதாகக் கொள்வோம். ஏக்கர் ஒரு கோடி; சதுர அடிக்கு 230 ரூபாய். சாலைக்கும் பூங்காவுக்கும் 40 சதவீதம் போனால் விற்க மிஞ்சுவது 26,136 சதுர அடி, பதினோரு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் அடக்கம் 383 ரூபாய். இதன் மேல் மண், தார், அனுமதிக் கட்டணம், வட்டி, கமிஷன். அதற்கும் விற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு வாங்குவது வாங்குகிறவரின் உரிமை. விவசாயி என்ன விலைக்குக் கொடுத்தார் என்பது பத்திரத்தில் இருக்கிறது, நகல் எடுத்துப் பார்க்கலாம். இதைச் செய்கிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்குப் புரிந்ததேயில்லை. பதிவுச் செலவில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி ரொக்கம் என்று பேசுகிறவர் வாங்குகிறவருக்கு உதவி செய்யவில்லை. நாளை வழக்கு வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் பத்திரத் தொகைக்கு மட்டுமே.

வங்கிக் கடன் வாங்குகிறவர்கள் ஒரு தவறான நிம்மதியில் இருக்கிறார்கள். வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார், இனிக் கவலையில்லை என்பார்கள். அவர் பார்த்தது வங்கியின் பணத்துக்காக. அந்தச் சட்டக் கருத்துரைக்குக் கட்டணம் கட்டியவர் வாங்குகிறவர். ஆனால் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கடனின் ஆயுள் 20 ஆண்டு. இந்த ஊரின் சம்பளங்கள் அவ்வளவு நீளமானவை அல்ல. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. நேரடி வேலையில் இருந்தவர்களோடு, உதிரிபாகக் கம்பெனிகளில் இருந்தவர்களும், அவர்களை நம்பிக் கடை வைத்தவர்களும் மாதத் தவணையை வேறு கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் இயக்கும் விருப்பத்தை ஃபோர்டு அரசுக்குத் தெரிவித்தது. நிலவிலை இப்படிப்பட்ட அறிவிப்புக்கே ஏறிவிடும்; வேலை வந்து சேர ஆண்டுகள் ஆகும். தொழிற்சாலையை நம்பி நிற்கிற ஊரில் வீடு வாங்குகிறவர், தம் கம்பெனி மூடினால் இந்த வீட்டில் இருந்துகொண்டு வேறு எங்கே வேலைக்குப் போக முடியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பெருமாள் கோயிலின் உண்மையான மதிப்பு அங்கேதான்: புறநகர் ரயில் இருக்கிறது, தாம்பரம் பக்கமும் போகலாம், செங்கல்பட்டுப் பக்கமும் போகலாம், சாலையில் ஒரகடமும் போகலாம். நிலையத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே, பஸ் இல்லாத மனைப்பிரிவில் அந்த மதிப்பு பாதிகூட இல்லை, பலகை எத்தனை நிமிடம் போட்டிருந்தாலும்.

தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சம்பளச் சீட்டைப் பார்த்து வங்கிகள் அவர்களுக்கு வீட்டுக் கடன் தருவது அரிது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும், தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள், ஓர் அறையில் நான்கைந்து பேராக வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த அறைகளைக் கட்டி விட்டவர்களில் பலர் பழைய விவசாயக் குடும்பத்தார்: வயலை விற்றாலும் வீட்டுக் கொல்லையையும் ரோட்டோரத் துண்டையும் வைத்துக்கொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வரிசை வீடு இறக்கியவர்கள். முழு நிலத்தையும் ஒரே கிரயத்தில் கொடுத்தவர்களுக்கு வந்த தொகை பெரியது, செலவானதும் சீக்கிரம். துண்டை வைத்துக்கொண்டவர்களுக்கு மாதாமாதம் வாடகை வருகிறது. அந்த வரிசை வீடுகள் நிற்பது பெரும்பாலும் கிராம நத்தத்தில். நத்தத்துக்குத் தனி நிலவரித் திட்டம், தனிப் பட்டா, தனிச் சிக்கல். வங்கிகள் அதன் மேல் கடன் தரத் தயங்குகின்றன. சேரி நத்தத்தில் குடியிருக்கிற குடும்பங்களில், பாட்டன் காலத்திலிருந்து இருந்தும் பட்டா வராதவர்கள் இன்றும் மனுநீதி நாளில் மாவட்ட ஆட்சியர் முன் வரிசையில் நிற்கிறார்கள்.